பெட்டியை எங்கே இறக்கி வைப்பது?



ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகி ஒருவர், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். மகள் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. பிள்ளைகளின் விடுமுறைக்கு வந்தவர்கள், ஊருக்குத் திரும்பும் முன்பு சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் ஏறுகிறார்கள். கப்பல் காலையில் கரை சேர்ந்துவிடும். சிங்கப்பூர் விமானம் நள்ளிரவில்தான். “நடுவுல ஒரு பகல் பூரா இருக்குதுங்க. கையில நாலு பெட்டி, கூட ரெண்டு புள்ளைங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போகச் சொல்லலாமா, இல்ல அலையவிடக் கூடாதா?” என்று கேட்கிறார்.

கேட்டது ஒருவர்தான் என்றாலும் இந்த மாவட்டத்தில் பலருக்கும் வரும் கேள்வி இது. அதனால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் கப்பல் விஷயம். 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பலை முதல்வர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அதன் வழி. அதன் பிறகுதான் நம் பக்கத்துக் குடும்பங்களிலும் “கப்பல்ல போய்ட்டு வந்தோம்” என்ற பேச்சு கேட்கிறது. போய் வந்தவர்கள் சாப்பாட்டைச் சொல்வார்கள், கடலைச் சொல்வார்கள், கடைசி நாளைப் பற்றி மட்டும் அதிகம் சொல்வதில்லை. கரை சேர்வதற்கு முந்தின இரவே பெரிய பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் சிற்றுண்டி முடிந்த கையோடு இறங்கச் சொல்லிவிடுவார்கள். அதில் குறை சொல்லவும் முடியாது. அடுத்த பயணத்துக்கான ஆட்கள் பெரும்பாலும் அன்றைக்கே ஏறுகிறார்கள், அதற்குள் நூற்றுக்கணக்கான அறைகளைக் கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றியாக வேண்டும். ஆக, காலை பத்து மணிக்குள் துறைமுக வாசலில் பெட்டிகளோடு வெயிலில் நிற்கும்படி ஆகிவிடுகிறது.

அம்மா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். துறைமுகத்திலிருந்து வேலூர் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெரிசல் இல்லாத நாளில்கூட கார் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க மதியம் இரண்டு தாண்டிவிடும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், ஐந்து மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்பியாக வேண்டும். மூன்று மணி நேரம் கூட உட்கார முடியாத வீட்டுக்கு, போக வர ஏழெட்டு மணி நேரம் காரில். பிள்ளைகள் வழியிலேயே தூங்கிவிடுவார்கள், பேரனோடு பேசக்கூட முடியாது. வீட்டில் எழுந்து நடமாட முடியாத பெரியவர் இருந்து, அவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றால் தயங்காமல் வரச் சொல்லுங்கள். அந்த அலைச்சலுக்கு அர்த்தம் உண்டு. மற்றபடி நீங்களே சென்னைக்குப் போய்விடுவதுதான் நல்லது.

விடிகாலையில் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஒன்பது மணிவாக்கில் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். துறைமுக வளாகத்துக்குள் உறவினர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. வெளியே எந்த இடத்தில் நிற்பீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் சொல்லி, கிண்டிக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் எங்காவது அன்று பகலுக்கு மட்டும் ஓர் அறை எடுக்கச் சொல்லுங்கள். பகல் வாடகைக்கு அறை கொடுக்கும் ஓட்டல்கள் விமான நிலையத்தைச் சுற்றி இருக்கின்றன. செலவுதான், ஆனால் அந்தச் செலவில் பெட்டி நாலும் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும், பிள்ளைகள் குளித்துவிட்டுத் தூங்கலாம், நீங்கள் கேரியரில் கட்டிக்கொண்டு போன சோற்றைக் கட்டிலில் உட்கார்ந்து பரிமாறலாம். மாலை ஆறு மணிவாக்கில் அதே ஏலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து திரும்புகிறது. கிண்டியிலிருந்து மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாக்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஊறுகாயும் நெய்யும் கொண்டுபோனால் அதைப் பெரிய பெட்டியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கப்பல் பயணத்தில் வாங்கின சாமான்கள் ஏற்கெனவே பெட்டியை நிறைத்திருக்கும். எடை கூடினால் விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். அறையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்து எடை போட்டுக்கொள்வது நல்லது.

கடிதத்துக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே மனது காட்பாடிக்குப் போய்விட்டது. இரவு ரயிலுக்காகப் பகல் முழுக்கச் சாமானோடு காத்திருப்பவர்கள் இந்தியாவில் எங்கெங்கோ இருக்கலாம். நம் வேலூரில் அது தினசரிக் காட்சி.

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட், எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் வந்த வேலை முடிந்து ஊர் திரும்பும் நாள் எப்படி இருக்கும் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. வந்த அன்று காலை ஆறு மணிக்கு அறை எடுத்திருந்தால், போகிற அன்றும் காலை ஆறு மணிக்குக் காலி செய்ய வேண்டும். ரயில் இரவில். நடுவில் இன்னொரு நாள் வாடகை கொடுக்க, சிகிச்சைக்குக் கடன் வாங்கி வந்த குடும்பத்தால் முடியாது. காலையிலேயே ஆட்டோ பிடித்துக் காட்பாடிக்கு வந்துவிடுகிறார்கள்.

காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் ஒரு பிற்பகல் நின்று பாருங்கள். தூணோரம் ஒரு படுக்கை விரிப்பு. அதில் கழுத்தோரம் கட்டுப் போட்ட ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். தலைமாட்டில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறை, மடங்கிவிடக் கூடாதென்று ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி. இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசிப் பை, சமைத்துச் சாப்பிட்ட பாத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் வாளி. ஒரு பையின் வாரைத் தன் கணுக்காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டில் காலியாகிவிட்டது. தண்ணீர்க் குழாய் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவரால் எழுந்து போக முடியவில்லை.

சாமானோடு கழியும் பகலின் கஷ்டம் இதுதான். கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், காவல்தான் பெரிது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் காவலுக்கு. தனியாக வந்தவரோ கழிப்பறைக்குப் போகக்கூடப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வேலூர் வெயிலில், அதுவும் மே மாதத்தில், உடம்பு சரியில்லாதவருக்குத் துணையாக வந்தவர் தண்ணீர் குடிக்காமல் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தால் அவரே நோயாளியாகிவிடுவார்.

நம் முன்னோர்கள் இதை எவ்வளவு நுட்பமாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்குச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லே சாட்சி. இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல். அதன் உயரத்தைக் கவனித்தால்தான் அருமை தெரியும். தலையில் மூட்டையோடு தனியாக வருகிற ஆள், யாரையும் ‘ஒரு கை பிடிங்க’ என்று கூப்பிடாமல், மூட்டையை அப்படியே கல்லின்மேல் நகர்த்திவிடலாம். இளைப்பாறிய பிறகு, அதே போல யார் உதவியும் இல்லாமல் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம். தரையில் இறக்கினால் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் இல்லாத பாதைக்காகச் செய்த கல் அது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். வயிற்றுச் சுமையோடு போனவளின் பாரம், வழிப்போக்கர் ஒவ்வொருவரும் சுமை இறக்கும்போது இறங்கும் என்று நம்பினார்கள். காவேரிப்பாக்கத்தை அடுத்து, நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றுக்கு இன்றைக்கும் சுமைதாங்கி என்றே பெயர்.

பட்டணத்திலும் இந்த அக்கறை இருந்தது. சென்னை சென்ட்ரல் எதிரே சவலை ராமசாமி முதலியார் சத்திரம் எழுந்தது வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் சாமானை இறக்கி, உடம்பைச் சாய்க்க. பினாங்கு, சிங்கப்பூர் போய் வந்த ‘ரஜுலா’ கப்பல் ஓடிய காலத்தில் டிரங்குப் பெட்டியோடு துறைமுகத்தில் இறங்கிய தமிழர்களுக்கும் ஊர் ரயில் இரவில்தான். சத்திரத்துத் திண்ணை, தெரிந்தவர் மளிகைக் கடை, சொந்தக்காரர் வீடு என்று எங்கோ ஓரிடத்தில் பெட்டி இறங்கியது. இப்போது திண்ணை வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை. முன்பின் தெரியாதவர் பையைப் பார்த்தால் பயம் வேறு வந்துவிட்டது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

அதனால் யோசனை நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரயில் டிக்கெட் கையில் உள்ளவர்கள் பெரிய நிலையங்களின் பொருள் காப்பறையில் பெட்டியை வைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். பூட்டில்லாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பத்து இருபது ரூபாய்ச் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கிவைப்பது நல்லது. மருத்துவக் கோப்பு, மாத்திரை, பாஸ்போர்ட், பணம் இவை மட்டும் ஒரு சின்னப் பையில் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். படுத்தே ஆக வேண்டிய நோயாளி இருந்தால் ரயில் நிலைய ஓய்வறையை 12 மணி நேரத்துக்கோ 24 மணி நேரத்துக்கோ டிக்கெட் எண்ணை வைத்து இணையத்தில் முன்பதிவு செய்யலாம். லாட்ஜில் அறை எடுக்கும்போதே திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்லிப் பேசிவிட்டால், பல இடங்களில் அரை நாள் வாடகைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். கடைசி நாள் காலையில் கேட்பதைவிட முதல் நாளே கேட்பது எப்போதும் பலிக்கும்.

பெட்டியை இறக்கி வைத்தாகிவிட்டது என்றால், நம் ஊரில் பகலைக் கழிக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. விருந்தினரை அனுப்புவதென்றால் நான் முதலில் கோட்டைக்குத்தான் அனுப்புவேன். நுழையக் கட்டணம் கிடையாது. அகழியோரம் மரநிழலில் உட்காரலாம், உடம்பு தேறாதவருக்கு அதுவே போதும். நடக்க முடிந்தவர்கள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் வந்து சேர்ந்தது 1981இல்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடமும் அதே வளாகம். உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் ஒரு தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது, கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்தியது. 1815இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்தவரை, அடுத்த வருடம் கொழும்பிலிருந்து கப்பலேற்றி மெட்ராஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். ராணிகளும் பரிவாரமும் கூடவே வந்தார்கள். திரும்பிப் போகும் கப்பல் அவருக்கு வரவேயில்லை. 1832இல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி மீது எழுப்பிய முத்து மண்டபத்தையும் பார்க்கலாம். வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் கேட்கிற விதமே வேறாக இருக்கிறது.

ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போக எல்லோருக்கும் ஆசை இருக்கும். 2007இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயில் அரியூர்ப் பக்கம், நம் அணைக்கட்டு வழியிலேயே இருக்கிறது. ஆனால் நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். செல்போன், கேமரா, பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். தையல் பிரித்து ஒரு வாரம் ஆகாதவரை அங்கே அழைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று ரயில் நாளில் ஐம்பது கிலோமீட்டர் போவதும் வேண்டாம். பெங்களூர் விமானம் பிடிக்க ரோட்டு வழியாகப் போகிறவர்களுக்கு ஆம்பூர் வழியிலேயே வருகிறது, அவர்கள் இறங்கிச் சாப்பிடட்டும்.

தோல் வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரிகளை நம் கம்பெனிகள் எப்படிக் கவனித்துக்கொள்கின்றன என்று உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். மதியம் மாதிரி பார்த்து முடிந்துவிடும், விமானம் நள்ளிரவில். பெட்டி கம்பெனி கார் டிக்கியில் இருக்கும், அவருக்கு ஒரு குளிர் அறை, ஒரு சோபா, கிளம்பும் முன் முகம் கழுவ ஓர் இடம். அந்தக் கவனிப்பு இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல. அதை வாளியோடு நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கும் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அவருக்கு சோபா வேண்டாம். வைத்த பை வைத்த இடத்தில் இருக்கும் என்ற நிம்மதியும், சாயங்காலம் ரயில் ஏறும் முன் கைகால் கழுவிப் புடவை மாற்றிக்கொள்ள ஒரு கதவடைத்த இடமும் போதும்.

வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, நம் ஆட்களுக்கும் இது வேண்டும். பீஞ்சமந்தையிலிருந்தும் ஜார்தான்கொல்லையிலிருந்தும் புளியும் சாமையும் பலாப்பழமும் கொண்டு இறங்குகிற மலைக்காரர்கள், சாமான் விற்றுச் சாமான் வாங்கி, மலைக்குத் திரும்பும் வண்டிக்காக ஒடுகத்தூரிலும் அணைக்கட்டிலும் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். கையில் குழந்தை இருந்தால் அந்தக் காத்திருப்பு இன்னும் கஷ்டம். பஸ் நிற்கும் இடத்தில் பூட்டக்கூடிய ஓர் அறையும் ஒரு குழாயும் ஊராட்சி நினைத்தால் முடியாத காரியமல்ல.

காட்பாடி நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே 26ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். எழும்பூர், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரியோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்த ஐந்து நிலையங்களில் நம்முடையதும் ஒன்று. கண்ணாடியும் நகரும் படிக்கட்டும் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்தியாவில் இவ்வளவு நோயாளிகள் ஏறி இறங்கும் நிலையங்கள் அதிகம் இருக்காது. எந்நேரமும் திறந்திருக்கும் விசாலமான பொருள் காப்பறை, நோயாளி படுக்க நாலு கட்டில் போட்ட ஒரு கூடம், வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய வழிகாட்டிப் பலகை ஆகிய மூன்றும் காட்பாடிக்கு அவசியம். இதைக் கோரிக்கையாக எழுதி ரயில்வே கோட்ட மேலாளருக்கு அனுப்பப் போகிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஒரு அஞ்சலட்டையில் பெயரும் ஊரும் எழுதி அனுப்பினால் போதும், சேர்த்து இணைத்துவிடுகிறோம்.

லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை நடத்தும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் தங்கிய, சாப்பிட்ட குடும்பம் ஊர் திரும்பும் நாளில், அடையாள அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துச் சாயங்காலம் வரை பையை வைத்துக்கொள்ள முடியுமா? சில லாட்ஜ்களில் வரவேற்பறை மேசைக்குப் பின்னால் ஏற்கெனவே இப்படி வைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நீங்களும் சம்மதித்தால் கடைப் பெயரையும் தெருவையும் எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, தமிழிலும் வங்காளத்திலும் அச்சிடுகிறோம். அந்தப் பக்கத்தைத் தனியாகப் பிரதியெடுத்துக் காந்தி ரோட்டிலும் காட்பாடி ஆட்டோ நிறுத்தத்திலும் விநியோகிக்க நம் வாசகர் வட்டத்து இளைஞர்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் உங்கள் கடிதங்கள் வந்துவிட்டால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்